யார் பணம், எந்தக் கணக்கில்? செய்யாறு வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

2024 ஜூலை 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜீவனாம்ச வழக்கொன்றில் தீர்ப்புச் சொன்னது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பது அதன் சாரம். நீதிபதி பி.வி.நாகரத்னா தனியாக எழுதிய பகுதியில் வழக்கின் எல்லையைத் தாண்டிய ஒரு யோசனையும் இருந்தது. வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்குச் சொந்த வருமானம் இல்லை என்பதைக் கணவர்கள் உணர வேண்டும். கூட்டுக் கணக்கு வைத்தோ ஏடிஎம் அட்டையைப் பகிர்ந்தோ பணத்தின்மீது அவருக்கு ஒரு பிடி கொடுக்க வேண்டும் என்றார் அவர். அந்த யோசனையை எதிர்த்து யாரும் பெரிதாகப் பேசவில்லை, பேசவும் இடமில்லை. ஆனால் அந்த யோசனை ஒரு குறிப்பிட்ட வீட்டை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. அந்த வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர். தமிழ்நாட்டின் எல்லா வீடுகளும் அப்படி இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாறு வட்டாரத்தை எடுத்துக்கொண்டால், ஒரே தெருவில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு வகை வீடுகளைக் காணலாம். கூட்டுக் கணக்கு நல்லதா என்ற கேள்விக்கு, அதில் யாருடைய பணம் விழுகிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது என்பதை அந்த இரண்டு வீடுகளும் காட்டிவிடுகின்றன.

செய்யாற்றுக்கு ஒரு பக்கம் காஞ்சிபுரம், இன்னொரு பக்கம் ஆரணி. இரண்டும் பட்டு ஊர்கள். முதல் வகை வீடு தறி வீடு. நூல் இழைப்பது, ஊடைக்குத் தார் சுற்றுவது, பாவில் அறுந்த இழையைப் பிணைப்பது என்று தறிக்கு வெளியே நடக்கும் வேலையில் பெரும்பகுதி பெண்கள் கையில் இருக்கிறது. கரையையும் உடலையும் கோத்து நெய்யும் கோர்வைச் சேலை என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். கரை நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்தாக வேண்டும். அந்த ஆள் பல வீடுகளில் மனைவிதான். 2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் கைத்தறித் தொழிலாளர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள் என்று சொல்கிறது. ஆனால் சேலையை அறுத்து முதலாளியிடமோ கூட்டுறவு சொசைட்டியிலோ போடும்போது, சேலைக்கு இவ்வளவு என்று கூலி ஒரே தொகையாகத்தான் வருகிறது. சொசைட்டி என்றால் உறுப்பினர் யாரோ அவர் கணக்கில் விழும். முதலாளி என்றால் முன்பணத்தில் கழித்தது போக மீதி கைக்கு வரும். இரண்டு பேர் உழைத்த கூலிக்கு ஒரு பெயர்தான் உண்டு. இரண்டாவது வகை வீட்டில் மனைவி செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறார். தைவான் நிறுவனம் ஒன்றின் காலணித் தொழிற்சாலை இங்கே வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன. அங்கே வேலை செய்வோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. சம்பளம் வங்கிக் கணக்கில், பி.எஃப், இ.எஸ்.ஐ பிடித்தம் அவர் பெயரில், சம்பளச் சீட்டில் அவர் பெயர் மட்டுமே. வெயிலில் கூலி வேலைக்குப் போன அவர் அம்மாவுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட வாய்த்ததில்லை.

கூட்டுக் கணக்கை இந்த இரண்டு வீட்டிலும் பொருத்திப் பாருங்கள். தறி வீட்டில் கூலி விழும் கணக்கில் மனைவி பெயரையும் சேர்த்தால், இதுவரை அவர் கண்ணில் படாத பணம் கண்ணில் படுகிறது, எடுக்கவும் முடிகிறது. சிப்காட்டுக்குப் போகும் பெண்ணின் சம்பளக் கணக்கில் கணவர் பெயரைச் சேர்த்தாலோ, இதுவரை அவர் கையில் இருந்த பணம் இன்னொருவர் கைக்கும் எட்டுகிறது. படிவம் ஒன்றே, வங்கி ஒன்றே, விளைவு மட்டும் எதிரெதிர். கூட்டுக் கணக்கு பணத்தை இருப்பவரிடமிருந்து இல்லாதவருக்குத் திறந்துவிடுகிறது. அதனால் யாருக்கு நன்மை என்பது தொடக்கத்தில் யாரிடம் இருந்தது என்பதைப் பொறுத்தது. நீதிபதி சொன்ன யோசனை முதல் வீட்டுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். இரண்டாம் வீட்டில் அதே யோசனையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், ஒரு தலைமுறைப் போராட்டத்தில் கிடைத்த ஒன்று கைநழுவும். என் வாதம் இதுதான்: ஊதியம் முதலில் உழைத்தவர் பெயரிலுள்ள தனிக் கணக்கில் விழ வேண்டும், வீட்டுச் செலவுக்கென்று இருவரும் பேசி முடிவு செய்த பங்கு அங்கிருந்து கூட்டுக் கணக்குக்குப் போக வேண்டும், இருவர் உழைப்பும் பிரிக்க முடியாமல் கலந்து வரும் கூலி மட்டும் தொடக்கத்திலேயே இரண்டு பெயரில் வர வேண்டும்.

இதற்கு எதிரான வலுவான ஆதாரம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. ஜென்னி ஓல்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் திருமணம் நிச்சயமான அல்லது புதிதாக மணமான 230 தம்பதியரை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரைக் கூட்டுக் கணக்கு வைக்கச் சொன்னார்கள், இன்னொரு பகுதியினரைத் தனித்தனிக் கணக்கிலேயே இருக்கச் சொன்னார்கள், மூன்றாம் பகுதியினரை அவர்கள் விருப்பத்துக்கு விட்டார்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியிட்ட முடிவு, கூட்டுக் கணக்கு வைத்தவர்களின் உறவின் தரம் குறையாமல் நின்றது, மற்றவர்களுடையது புதுமண மயக்கம் தெளியத் தெளியச் சரிந்தது என்கிறது. செலவைப் பற்றி ஒத்த கருத்து, ‘நம்முடையது’ என்ற நினைப்பு இரண்டும் வளர்ந்தன என்கிறார்கள். ஆய்வு ஒழுங்கானது, குலுக்கல் முறை என்பதால் ‘அன்பானவர்கள்தான் கூட்டுக் கணக்கு வைக்கிறார்கள்’ என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. ஆனால் அங்கே சேர்ந்தவர்கள் தாங்களே துணையைத் தேர்ந்தவர்கள், பிரிந்தால் சொத்து எப்படிப் பங்காகும் என்பதற்குச் சட்டத்தில் வழி உள்ளவர்கள், மாமியார் கையில் சம்பளத்தைக் கொடுக்கும் வழக்கம் இல்லாதவர்கள். தனக்கென்று ஒன்று ஏற்கெனவே உறுதியாக இருப்பவர்களுக்கு அதைப் பொதுவில் வைப்பது நெருக்கத்தைக் கூட்டும். உறுதியே இல்லாதவரிடம் முதல் வேலையாகப் பொதுவில் வை என்று கேட்பது வேறு காரியம்.

நம்முடைய நிலைமைக்கு நெருக்கமான ஆய்வு மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. அங்கே நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களின் கூலி பெரும்பாலும் வீட்டு ஆணின் கணக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. எரிகா ஃபீல்ட், ரோஹிணி பாண்டே உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒரு பகுதிப் பெண்களுக்குத் தங்கள் பெயரில் கணக்குத் தொடங்கவும், கூலி நேராக அதில் விழவும், அதை எப்படிக் கையாள்வது என்று பயிற்சி பெறவும் ஏற்பாடு செய்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, இவை எல்லாம் சேர்ந்து கிடைத்த பெண்கள் கூடுதலாக வேலைக்குப் போனார்கள், அரசு வேலைக்கு மட்டுமல்ல, வெளி வேலைக்கும். பெண் வேலைக்குப் போவதைப் பற்றி அவர்கள் மனத்தில் இருந்த தயக்கமும் காலப்போக்கில் இளகியது. கணக்கு மட்டும் கொடுத்துக் கூலியை அதில் போடாதபோது அதே அளவு பலன் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாஸ்புக் வைத்திருப்பதும் பணம் அதில் வந்து விழுவதும் ஒன்றல்ல. பிரிட்டனில் 1970களின் இறுதியில் குழந்தைகளுக்கான அரசு உதவி தந்தை வழியாக வந்தது மாறித் தாய் கைக்கு வந்தபோது, குடும்பத்தின் மொத்த வருமானம் ஏறக்குறைய அதேதான். ஆனாலும் பெண்கள், குழந்தைகள் உடைகளுக்கான செலவு கூடியது என்று லண்ட்பெர்க், போலக், வேல்ஸ் மூவரும் காட்டினார்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் பணம் பணம்தான், யார் கையில் இருந்தால் என்ன என்ற பேச்சு அன்றே ஆட்டம் கண்டுவிட்டது.

தமிழ்நாட்டு அரசு இந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்டுதான் நடக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாயை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் சொந்தக் கணக்குக்கு அனுப்பத் தொடங்கியது. முதல் மாதமே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதிலிருந்து பிடித்தம் செய்து, நிதியமைச்சர் தங்கம் தென்னரசின் கண்டனத்தை வாங்கிக்கொண்டன என்பது தனிக்கதை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உள்ள பெண்கள் தமிழ்நாட்டில் சுமார் 92 விழுக்காடு என்கிறது. நாடு முழுமைக்கும் அது 79 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஆகவே நம் ஊரில் கணக்கு இல்லாதது பிரச்சினை இல்லை. கணக்கில் எந்தப் பணம் வருகிறது, வந்ததை எடுப்பது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

‘தனிக் கணக்கு என்பது ஒளிவுமறைவுக்கு வழி, புருஷன் பெண்டாட்டிக்குள் கணக்குப் பார்த்தால் குடும்பம் எங்கே உருப்படும்’ என்ற எதிர்ப்பைக் கேட்காதவர் இல்லை. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. தனிக் கணக்கு வருவதற்கு முன்னும் ஒளிவு இருந்தது, சிறுவாடு என்ற பெயரில். அரிசிப் பானைக்குள், அஞ்சறைப் பெட்டிக்கு அடியில், புடவை மடிப்பில் பெண்கள் சேர்த்த பணம் முழுவதையும் 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ஒரு தொலைக்காட்சி அறிவிப்பு வெளியே இழுத்துப் போட்டது. 500, 1,000 ரூபாய் நோட்டுகளை மாற்றக் கணவரிடம் சொல்லியே ஆக வேண்டிய நிலை. வங்கியில் போட்டவர்களில் சிலருக்கு வருமான வரித் துறையின் கேள்வியும் வந்தது. அந்தக் காலத்தில் இல்லத்தரசி போட்ட 2.5 லட்சம் வரையிலான சேமிப்பைக் கணக்கில் வராத வருமானமாகக் கருத முடியாது என்று ஆக்ராவின் வருமான வரித் தீர்ப்பாய அமர்வு 2021இல் சொல்ல வேண்டியிருந்தது. இருப்பது இருவருக்கும் தெரிந்த, எடுப்பது ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய கணக்கு, சிறுவாட்டைவிட எத்தனையோ மடங்கு வெளிப்படையானது. இரண்டாவது பதில், ஒளிப்பது பெண்ணின் குணம் இல்லை என்பது. நாவா அஷ்ரஃப் பிலிப்பைன்ஸில் நடத்திய சோதனையில், வீட்டுப் பணம் மனைவி கையில் இருக்கும் குடும்பத்துக் கணவர்களிடம் ஒரு தொகை கொடுக்கப்பட்டது. மனைவிக்குத் தெரியாது என்றபோது பலர் அதைத் தங்கள் சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டார்கள். மனைவியோடு முன்கூட்டியே பேசிவிட்டு முடிவெடுக்க வைத்தபோது, பணம் மனைவி கணக்குக்குப் போனது. கணக்கின் வடிவத்தைவிட முன்கூட்டிப் பேசுவதற்கு வலு அதிகம் என்பதையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டுக் கணக்கு வைத்துவிட்டால் பாதி எனக்குச் சொந்தம் என்று பல பெண்கள் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. திருமணத்தின்போதே இருவர் சொத்தும் பொதுவாகிவிடும் முறை இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் போர்ச்சுக்கீசியச் சட்டம் தொடரும் கோவா போன்ற ஒருசில பகுதிகளில் மட்டுமே உண்டு. மற்ற இடங்களில் கூட்டுக் கணக்கு பணத்தை எடுக்கும் வழி மட்டுமே; போட்டவர் யார் என்ற கேள்வி நீதிமன்றத்தில் மறுபடியும் எழும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் அளித்த தீர்ப்பு இதில் ஒரு வாசலைத் திறந்தது. கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு, அவர் உழைப்பு இல்லாமல் அந்தச் சம்பாத்தியம் நடந்திருக்காது என்றது அது. நல்ல தீர்ப்பு, ஆனால் அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏற எத்தனை பேரால் முடியும்? மனம் கசந்த அன்று கூட்டுக் கணக்கைக் காலி செய்ய ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 18ஆம் பிரிவில், இருவரும் பயன்படுத்திய வங்கிக் கணக்கையோ லாக்கரையோ கையாளக் கூடாது என்று தடை விதிக்க நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் தருகிறது. தடை வாங்குவதற்குள் பணம் போய்விட்டால் அதைத் தேடி அலைவது மனைவியின் வேலையாகிவிடும்.

பிறகு எதற்குக் கூட்டுக் கணக்கு? சாவுக்காக என்று சொன்னால் கடுமையாகத் தோன்றும், ஆனால் அதன் முதல் பயன் அங்கேதான். ஒருவர் பெயரில் மட்டும் கணக்கு இருந்து, நாமினியும் இல்லாமல் அவர் இறந்துவிட்டால், வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் திறந்த கணக்கில் மற்றவர் மறுநாளே பணம் எடுக்கலாம். கணக்குத் திறக்கும் படிவத்தில் இதற்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே ‘முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்று இன்னொன்று இருக்கும்; அதில் டிக் அடித்தால் முதல் பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும்வரை இரண்டாம் பெயர் வெறும் அலங்காரம். ‘இருவரும் சேர்ந்து’ என்பதை எடுத்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு கையெழுத்து. கட்டத்தை நிரப்புவது பெரும்பாலும் கவுண்டரில் இருப்பவர்தான், கையெழுத்துப் போடுகிறவர் படிப்பதில்லை. வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் என்பது 2020 பிப்ரவரியிலிருந்து நடைமுறை. தனிக் கணக்கும் கூட்டுக் கணக்கும் அதில் தனித்தனியாகக் கணக்கில் கொள்ளப்படும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளத் தகுந்தவரே தவிர, உரிமை வாரிசுகளுக்குத்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

யார் கையில் பிடி இருக்கிறது என்பதை இன்று தீர்மானிப்பது கையெழுத்துகூட இல்லை, செல்போன் எண். கூட்டுக் கணக்கில் பணம் வந்தாலும் போனாலும் குறுஞ்செய்தி பதிவு செய்த எண்ணுக்குத்தான் போகும். அது கணவர் எண்ணாக இருந்தால் மனைவிக்குத் தன் பெயருள்ள கணக்கின் நடமாட்டம் தெரியாது. ஏடிஎம் அட்டையும் அப்படியே. சிமோன் ஷானர் மேற்குக் கென்யாவில் செய்த ஆய்வில், எடுக்கும் செலவைக் குறைக்கும் ஏடிஎம் அட்டை கொடுத்ததும் கூட்டுக் கணக்குகளும் ஆண்கள் கணக்குகளும் கூடுதலாகப் பயன்பட்டன. பெண்களின் தனிக் கணக்கில் மட்டும் அந்தப் பலன் காணவில்லை. அட்டை எளிதானால் கணவர் கைக்கும் எளிதாகிவிடுகிறது என்பது அவர் தரும் விளக்கம். பின் நம்பரைக் கணவரிடம் சொல்லிவிட்டுக் கணக்கு என்னுடையது என்று சொல்லிக்கொள்வதில் பொருள் இல்லை. 2024இல் வந்த யூபிஐ சர்க்கிள் வசதியில் ஒருவர் தம் கணக்கிலிருந்து மாதம் 15,000 ரூபாய் வரை இன்னொருவரைச் செலவழிக்க அனுமதிக்கலாம். இதைப் பெண்களுக்கான முன்னேற்றமாகக் கொண்டாடுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கணவர் மாதந்தோறும் மேசைமேல் வைத்துவிட்டுப் போகும் செலவுப் பணம் செல்போனுக்குள் நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கே எவ்வளவு செலவழித்தார் என்று பார்க்கும் வசதி வேறு கூடுதல்.

மூன்று கணக்கு வைப்பது படித்தவர்களுக்குத்தான் சரிப்படும், கூலிக் குடும்பத்துக்குக் கட்டணமே கழுத்தை நெரிக்கும் என்ற எதிர்ப்பில் ஒரு காலத்தில் உண்மை இருந்தது. ஸ்டேட் வங்கி 2020இலும் இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் சேமிப்புக் கணக்கின் குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்தை எடுத்துவிட்டன. ஜன்தன் கணக்குக்கு 2014இல் தொடங்கியபோதே அது இல்லை. இதைவிடக் கனமான எதிர்ப்பு கடனைப் பற்றியது. சம்பாத்தியத்தைத் தனித்தனியாக வைத்தாலும் கடன் தனித்தனியாக இல்லையே? மகளிர் குழுக் கடனும் மைக்ரோஃபைனான்ஸ் கடனும் பெண் பெயரில் வருகின்றன, வீட்டுக்குச் செலவாகின்றன, வாரத் தவணைக்கு வாசலில் வந்து நிற்கும்போது பதில் சொல்பவர் பெண். இசபெல் கெரின், சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களை வைத்து 2023இல் எழுதிய நூல் முழுக்க இதைத்தான் பேசுகிறது. நகையும் அப்படியே: மனைவி கழுத்துச் சங்கிலி, கடன் சீட்டில் கணவர் பெயர். இதற்கு என் பதில், கூட்டுக் கணக்கின் முதல் செலவு இந்தத் தவணைகளாக இருக்க வேண்டும் என்பதே. வீட்டுக்கென்று வாங்கிய கடன் பெண்ணின் தனிக் கணக்கிலிருந்து கழிந்துகொண்டிருக்கும்வரை, அவர் சம்பளம் அவர் பெயரில் வருவதால் பாதிப் பயன்தான். டாஸ்மாக்கில் செலவாகும் பணம் கணவரின் தனிக் கணக்கிலிருந்து போகட்டும். தவணைப் பணம் பொதுக் கணக்கிலிருந்து போகட்டும். எவ்வளவு எதற்குப் போகிறது என்று அப்போது இருவர் கண்ணிலும் படும்.

யார் எவ்வளவு போடுவது என்பதில் ஒரு குறிப்பு மட்டும். சரிபாதி என்று வைத்தால் குறைவாகச் சம்பாதிப்பவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. சம்பாத்தியத்துக்கு ஏற்ற விகிதம்தான் நியாயம். சமையலும் பிள்ளை வளர்ப்பும் ஒருவர் தலையில் விழுந்தால் அந்த விகிதத்தையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பின் தர்க்கம் இதற்கும் பொருந்தும்.

கடைசியாகத் தறி வீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் தனிக் கணக்கு என்ற என் வாதம் நேரடியாகச் செல்லுபடியாகாத இடம் அது. மூன்று நாடா ஓடிய சேலையில் எந்த இழை யாருடையது என்று பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டியதில்லை. கூலியை இரண்டாகப் பிரித்து இரு கணக்கில் போடலாம், அல்லது இருவரும் தனித்தனியே எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் போடலாம். அரசுக்கு இது புதிய சிந்தனை இல்லை. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலோ பெண் பெயரிலோ ஒதுக்க வேண்டும் என்பதே பொது விதி. வீட்டுச் சுவருக்கு இரண்டு பெயர் போடத் தெரிந்தவர்களுக்கு அதற்குள் நடக்கும் தறியின் கூலிக்கு இரண்டு பெயர் போடுவது பெரிய காரியமாக இருக்காது. முதலாளிகளிடம் நெய்யும் வீடுகளை இது உடனே எட்டாது என்பது உண்மை. அங்கே முன்பணக் கணக்கே தனி உலகம். ஆனால் கூட்டுறவுச் சங்கங்கள் கைத்தறித் துறையின் கீழ் இருக்கின்றன. நெய்பவரோடு அவருக்குத் துணை வேலை செய்பவரையும் சங்கப் பதிவேட்டில் சேர்த்து, கூலி ரசீதில் இருவர் பெயரையும் எழுதும் முறையை ஆரணி, செய்யாறு பகுதிச் சங்கங்களிலிருந்தே தொடங்குமாறு துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.